ஒரு கப் மைதா

கனடாவிலிருந்து மகன் போன் செய்து, "அம்மா, நாங்க வர்றதுக்குள்ள வீட்ல இருக்கிற முந்திரி, பாதாம், பிஸ்தா, வேர்க்கடலை எல்லாத்தையும் வெளிய அனுப்பிடணும்" என்று சொன்னபோது, மருமகள் ஏதோ பத்தியம் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சாப்பிட்டா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"தொண்டை வீங்கிடும். மூச்சு விட முடியாது. அவ பைல எப்பவும் ஒரு ஊசி இருக்கும். உடனே அதைத் தொடையில குத்தணும். குத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

இதை அவன் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். பழகிவிட்டது அவனுக்கு. நான் சாதாரணமாகவே பயந்த சுபாவம் உள்ளவள். தெருமுனை வரை போய்விட்டு கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்ததில், பிள்ளைகளை ஊசுட்டேரிக்கு அழைத்துப் போன ஒரு நாளைக்கூட நான் அனுபவித்ததில்லை. ஏரியைப் பார்க்காமல் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு பெண்ணின் மூச்சை மூன்று வாரத்துக்குக் கொடுத்து வைப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

அவளை நான் நேரில் பார்த்ததும் இல்லை. டொரண்டோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கல்யாணம் அங்கேதான் மாதா கோயிலில் நடந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. மூலக்குளத்து வீட்டு ஹாலில், நானும் என் வீட்டுக்காரரும் பட்டுப்புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, டிவியில் வீடியோவாகத்தான் அதைப் பார்த்தோம். நடுவில் படம் நின்று போய், தாலி கட்டினதை நாங்கள் பார்க்கவில்லை. படம் திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். தவளக்குப்பத்தில் இருக்கும் என் தம்பி வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு பண்ருட்டியிலிருந்து இரண்டு கிலோ முந்திரி வாங்கி வந்து தருவான். இந்த வருஷம் வேண்டாம் என்றேன். "ஒரு மூலையில வச்சிக்கக்கூட கூடாதா?" என்று கேட்டான். கூடாது என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடலை எண்ணெயை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். மிக்ஸிக்குப் புது ஜார் வாங்கினேன். பழைய ஜாரின் பிளேடுக்கு அடியில் எத்தனை வருஷத்து முந்திரி இருக்குமோ, யாருக்குத் தெரியும். ஒரு நாள் குருமாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது திடீரென்று சந்தேகம் வந்து, அங்கே என்ன மணி என்றுகூடப் பார்க்காமல் மகனுக்குப் போன் போட்டேன்.

"தேங்காவும் கொட்டைதானே?"

"அம்மா, தேங்கா சாப்பிடுவா. தூங்கும்மா" என்றான். இங்கே காலை பதினோரு மணி.

என் வீட்டுக்காரர் என்னைப்போல இல்லை. ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், எதையும் மெதுவாக எடுத்துக்கொள்கிறவர். ஆனால் அவரும் ஒரு நாள் காலை, என்னிடம் சொல்லாமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தார். "பதினாலு நிமிஷம். நெல்லித்தோப்பு சிக்னல்ல நிக்கலன்னா பதினொண்ணு" என்றார், சட்டையைக் கழற்றி மாட்டியபடி. அதற்கப்புறம் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். ஒல்லியான பெண். காதில் சின்னக் கம்மல். வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமி, எப்பிடி இருக்கிறீங்கள்?" என்றாள். அவள் தமிழ் நாங்கள் பேசுகிற தமிழ் இல்லை. சில வார்த்தை எனக்குப் புரியாது, நான் சொல்வதில் பாதி அவளுக்குப் புரியாது. என் வீட்டுக்காரருக்கு அது பிரச்சினையாகவே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அவர் படித்தது பிரெஞ்சு, அவளும் கனடாவில் ஸ்கூலில் பிரெஞ்சு படித்தவள். காலையில் அவர் "போன்ழூர்" என்பார், அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். இரண்டு பேரும் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டு பேப்பர் படிப்பார்கள். நான் சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சமையலறைக்குள் மட்டும் அவள் வரவே மாட்டாள். வாசற்படியோடு நின்றுவிடுவாள். சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவாக, "இதுக்குள்ள என்ன இருக்கு மாமி?" என்று கேட்பாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். வெங்காயம், தக்காளி, புளி, மீன், நல்லெண்ணெய். தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவாள். முதல் கவளம் இறங்கும் வரை எனக்கு மூச்சு வராது. ஒவ்வொரு வேளையும் இப்படித்தான். மூன்று நாளிலேயே எனக்கு உடம்பு வலித்தது.

நாலாம் நாள் மகன் என்னைத் தனியாக அழைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறந்தநாள் என்றான்.

"கேக் சொல்லிடவா?"

"கேக் வேணாம்மா. எந்தக் கடை கேக்கையும் அவ தொட மாட்டா. சின்ன வயசுல இருந்தே அவங்க அம்மாதான் பர்த்டேக்கு வீட்ல ஒண்ணு செய்வாங்க. பெர்ரி காப்ளர்னு. அதுலதான் மெழுகுவர்த்தி வைப்பாங்க. நீ ஒண்ணும் பண்ணாத, நாங்க ஐஸ்கிரீம் வாங்கிக்கிறோம்."

நீ ஒண்ணும் பண்ணாத என்று அவன் சொன்னது எனக்குக் குத்தியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மாடிக்குப் போய் சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். அங்கே கூட வேலை செய்த ஒரு அம்மாதான் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்தாராம்.

"அது பெரிய வேலை இல்லை" என்றார். "பழத்தைச் சீனியும் எலுமிச்சம்புளியும் கோர்ன் ஃப்ளவரும் போட்டுப் பிரட்டி, கீழ போடுங்கோ. மாவையும் சீனியையும் பேக்கிங் பவுடரையும் பட்டரோட உதிர்த்து, கொஞ்சம் பால் விட்டுக் குழைச்சு, கரண்டியால மேல மேல வையுங்கோ. தடவ வேண்டாம். கல்லுக் கல்லா இருக்கோணும். பட்டர் மட்டும் நல்ல குளிரா இருக்கோணும். பயப்பிடாதேங்கோ."

"எனக்கு பயம்தான் சம்பந்தி" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கும் பயம்தான். முப்பது வருசமா."

என் வீட்டுக்காரர் டிக்‌ஷனரியை எடுத்துக் காப்ளர் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, "செருப்பு தைக்கிறவர்னு போட்டிருக்கே" என்றார். அவரையே அனுப்பி, ஒயிட் டவுனில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒரு கடையிலிருந்து, ஐஸில் உறைந்த கலப்புப் பெர்ரி இரண்டு பாக்கெட் வாங்கி வரச் சொன்னேன். சிவப்பும் கறுப்பும் நீலமுமாக, கோலிக்குண்டு போலக் கலகலவென்று இருந்தன. ஊட்டி ஸ்ட்ராபெர்ரி ஒரு டப்பா. புது பேக்கிங் பவுடர். சீல் பிரிக்காத அரைக் கிலோ மைதா. ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பீச்சுக்குப் போன நேரத்தில் ரகசியமாக ஒரு ஒத்திகை பார்த்தேன். ஓவன் போன வருஷம் வாங்கினது. அதை வைத்து ரொட்டி சூடு பண்ணியதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததில்லை. மேலே கறுத்துப் போய், உள்ளே மாவாகவே இருந்தது. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, வாசனை போக ஃபேன் போட்டு, திருடன் மாதிரி நாங்கள் இருவரும் அதை நின்றபடியே தின்றோம். "ருசி பரவால்ல" என்றார் அவர். நான் அழாத குறை.

செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக்காரர் அவளிடம் "பொன் அனிவெர்சேர்" என்று பிரெஞ்சில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்கினார். நான் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தேன். பூசைக்குப் போய்விட்டு, அப்படியே டவுனில் சுற்றிவிட்டு மூன்றரை மணிக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். நாலரைக்கு அவள் அம்மா வீடியோவில் வருவார். அங்கே அப்போது காலை ஆறு மணி. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மகள் மெழுகுவர்த்தி ஊதுவதைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரு மணிக்கு ஆரம்பித்தேன். பழம் சரியாக வந்தது. மாவில்தான் கோட்டை விட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து வெண்ணெயை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, ஓவனுக்கு பிளக் மாற்றிக்கொண்டிருந்ததில், அது உருகிக் குழைந்துவிட்டது. அதைப் போட்டதும் மாவு பஜ்ஜி மாவு போல ஆகிவிட்டது. அதைத் தூக்கி ஒதுக்கி வைத்தேன். பாக்கெட்டில் மீதி ஒரு கப் மைதாகூட இல்லை. இன்னும் ஒரு கப் வேண்டும். தெருமுனைக் கடைக்காரன் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் திறப்பான். எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு மதியத் தூக்கம் முக்கியம்.

"எதிர்வீட்ல கேட்டுப் பாருங்க" என்று என் வீட்டுக்காரரை அனுப்பினேன். எதிர்வீட்டுப் பெண் நல்ல பெண். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். ஐந்தே நிமிஷத்தில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் மைதாவோடு வந்தார். நான் சலித்துப் பார்த்தேன். வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வெண்ணெயை இந்தத் தடவை கடைசி நிமிஷத்தில்தான் எடுத்தேன். சம்பந்தியம்மா சொன்ன மாதிரி உதிர்த்து, பால் விட்டு, கரண்டி கரண்டியாக வைத்தேன். கண்ணாடிப் பாத்திரத்தை ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அதன் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றே கால் மணிக்கு வெளியே எடுத்தேன். மேலே பொன்னிறத்தில் கல்லுக் கல்லாக, இடுக்குகளில் கருஞ்சிவப்புச் சாறு கொப்புளித்துக்கொண்டு இருந்தது. வீடு முழுக்க வாசனை. மேஜைக்கு விரிப்பு போட்டு, நடுவில் அதை வைத்து, ஒற்றை மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் எடுத்து வைத்தேன்.

மூன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்ததால் நேராகக் குளிக்கப் போனாள். மகன் மாடிக்குப் போனான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தபோது, என் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லச் சொல்லிச்சு. நீ சொல்லிக்கொடுத்த கிறிஸ்மஸ் கேக் இந்த வருஷம் ரொம்ப நல்லா வந்துச்சாம்."

சந்தோஷமான சமாசாரம்தான். நான் சிரித்தேன். அவள் இந்துப் பெண். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் பிளம் கேக் கற்றுக்கொண்டாள். முந்திரியையும் உலர்ந்த பழத்தையும் மாவில் போட்டுப் புரட்டிச் சேர்த்தால் கேக்கின் அடியில் போய்த் தங்காது என்று சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். மிஞ்சின மாவைக் கொட்டாதே, சலித்து டின்னிலேயே திரும்பப் போட்டுக்கொள் என்று.

குழாயை மூடினேன். கை ஈரத்தோடு அப்படியே நின்றேன்.

"ஏங்க, அந்த மைதா எந்த டின்லேருந்து குடுத்தா?"

"நான் பாக்கலையே. உள்ள போய் எடுத்துட்டு வந்துச்சு."

எதிர்வீட்டுக்கு ஓடினேன். கேட்டில் பூட்டு தொங்கியது. வீராம்பட்டினத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் மறுபடியும் போட்டேன். பஸ்ஸில் இருப்பாளோ என்னவோ.

திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

"அவ அப்படித் திரும்பப் போட்டான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியே இருந்தாலும் சலிச்சதுதானே. ஓவன்ல வேற வெந்திருக்கு. கொஞ்சம்தானே" என்றார். அவரே நம்பாமல்தான் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கப்புறம் ஒரு பத்து நிமிஷம் நான் ஒன்றும் செய்யாமல் சமையலறையில் நின்றேன். அவள் போட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தக் காலத்துப் பெண்கள் மிஞ்சின மாவைக் குப்பையில்தான் கொட்டுவார்கள் என்று நினைத்தேன். நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அவள் சாப்பிடுவாள், சிரிப்பாள், அவள் அம்மா பார்ப்பார், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று ஒரு பக்கம் மனம் ஓடியது. சொன்னால், இந்த வீட்டில் அவள் இனி ஒரு வாய் தண்ணீர்கூட நம்பிக் குடிக்க மாட்டாள். மூன்று வாரத்தில் முதல் வாரம்கூட முடியவில்லை. மகன், நான்தான் ஒண்ணும் பண்ணாதன்னு சொன்னேனே என்பான். இதையெல்லாம் நான் யோசித்தேன். அவள் மூச்சைப் பற்றி யோசித்ததைவிட என் மானத்தைப் பற்றித்தான் அந்தப் பத்து நிமிஷமும் யோசித்திருக்கிறேன்.

குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஈரத் தலையில் துண்டோடு வந்தவள், ஹாலில் அப்படியே நின்றாள்.

"மாமி, இது கோப்ளர் மணமெல்லோ?"

நான் பதில் சொல்வதற்குள் மேஜையைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. ஆறு வயசுப் பிள்ளை முகம் போல ஆகிவிட்டது. கிட்டே போய்க் குனிந்து மோந்து பார்க்கப் போனாள். ஒரு விரல் ஓரத்துச் சாற்றைத் தொடப் போனது.

"தொடாத" என்று கத்திவிட்டேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. மாடியிலிருந்து மகன் இறங்கி ஓடி வந்தான். அவள் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாவு தீர்ந்தது, எதிர்வீட்டில் வாங்கினது, நான் சொல்லிக்கொடுத்த கேக், சலித்துப் போடுவது, பூட்டின வீடு, எடுக்காத போன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"எவ்வளவு மாவு?" என்று கேட்டாள்.

"ஒரு கப்."

"அதுக்குள்ள இருக்கெண்டு தெரியுமா?"

"தெரியல. இருக்கலாம்."

அவள் தன் விரலைப் பார்த்தாள். நேராகக் குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள், ரொம்ப நேரம். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகன் பின்னாலேயே போனான். என்னை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மேஜையில் இருந்த டேப்லெட்டில் மணி அடித்தது. நாலரை. சம்பந்தியம்மா. எடுக்காமல் விடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டீக் கோப்பையோடு, பின்னால் இன்னும் விடியாத ஜன்னலோடு அவர் தெரிந்தார்.

"கோப்ளர் சரிவந்திட்டுதோ?"

நான் அவருக்கும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெற்றவளிடம் சொல்கிறேன் இல்லையா. அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை சாப்பிட்டவளோ?"

"இல்ல. தொடல."

"சரி" என்றார். "அவளுக்கு ஒன்பது வயசில என்ர தம்பியின்ர மனுசி பலகாரம் குடுத்தவ. கச்சான், உங்கட வேர்க்கடலை, கொஞ்சம் போட்டதெண்டு அவவுக்குத் தெரியும். கொஞ்சம்தானே, ஒண்டும் செய்யாது எண்டு சொல்லாமல் குடுத்திட்டா. மூண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவள். அதுக்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டில அவள் சாப்பிடுறதே இல்லை. உங்கட வீட்டில சாப்பிடுறாள் எண்டு உங்கட மகன் சொல்ல, எனக்கு நம்ப ஏலாமல் கிடந்தது."

கொஞ்சம்தானே. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை மட்டும் சொல்வானேன். பத்து நிமிஷம் நானும் அதே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை மட்டும் சம்பந்தியம்மாவிடம் நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

"வேலைக்குப் போகேல்ல. லீவு சொல்லுறன். அவள் வெளிய வந்தாப் பிறகு எடுங்கோ" என்று வைத்துவிட்டார்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, நான் கோவத்தில போகேல்ல. கை நடுங்கினது. நடுங்கினா எனக்கு ஆக்கள் முன்னால நிக்கப் பிடிக்காது."

"நான்தான் உன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றேன்.

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சமையலறை வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, "பெர்ரி மிச்சம் இருக்கோ?" என்று கேட்டாள்.

இரண்டாவது பாக்கெட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. அலங்காரத்துக்கு எடுத்து வைத்திருந்த ஸ்ட்ராபெர்ரி ஆறு. "காணாது" என்றாள், போதாது என்ற அர்த்தத்தில். ஃபிரிட்ஜில் பன்னீர் திராட்சை ஒரு கொத்து இருந்தது. அதைக் காட்டினேன். யோசித்துவிட்டு, "கொட்டையை எடுத்தாச் சரிவரும்" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவள் சொல்லி நாங்கள் செய்ததுதான். முதல் காப்ளரை என் வீட்டுக்காரர் கண்ணாடிப் பாத்திரத்தோடு மூடி, பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தார். மகன் கடை திறந்துவிட்டதா என்று பார்த்து மைதா வாங்கி வந்தான். அவள் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் பின்பக்கத்து எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். நான் வேறு புடவை மாற்றிக்கொண்டேன். ஓவன் கம்பித் தட்டைச் சுடுதண்ணீரில் சோப்பு போட்டுத் தேய்த்தேன். மேடையை இரண்டு தடவை துடைத்தேன். நான் துடைத்த துணியை வாங்கி அவள் குப்பையில் போட்டாள். அதுவரை வாசற்படி தாண்டாதவள், என் சமையலறை நடுவில் நின்று, ஒவ்வொரு கரண்டியையும் எடுத்துப் பார்த்து, இது சரி, இது வேண்டாம் என்று பிரித்தாள். எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது.

திராட்சையைக் கீறி விதை எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. எதிர்வீட்டுப் பெண்.

"டீச்சர், ஆறு மிஸ்டு கால் இருக்கு. என்னாச்சு?"

"நீ குடுத்த மைதா, கேக்குக்கு முந்திரி பொரட்டினியே, அந்த மிச்ச மாவு போட்ட டின்னா?"

"ஆமா டீச்சர். சலிச்சு அதுலயேதான் போட்டேன். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மருமகள் கையிலிருந்த கத்தி நின்றது. மேடையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், ஒன்றும் இல்லாததற்குத்தான் இத்தனை ரகளை செய்துவிட்டேனோ என்ற எண்ணம் இருந்தது. அது போயே போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. "உன் மேல தப்பு இல்ல. நான் கேக்காம வாங்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். போனை வைத்தபோது மருமகள் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

ஆறே கால் மணிக்கு இரண்டாவது காப்ளர் வந்தது. அவள் பார்த்துச் சரி என்று சொன்ன ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில், முதலில் செய்ததில் பாதி அளவுதான். ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, நிறமும் வெளிறியிருந்தது. வீடியோவில் கூப்பிட்டபோது அவள் அம்மா கம்பளிச் சட்டையோடு இன்னும் வீட்டில்தான் இருந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினோம். என் வீட்டுக்காரர் பிரெஞ்சில் பாடினார், மற்றவர்கள் இங்கிலீஷில் பாடினார்கள். நான் பாடவில்லை. அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். கன்னத்தில் சின்னதாக ஒரு சிவப்பு இருந்தது. அது காலையிலும் இருந்ததா என்று யோசித்தேன். மகனிடம் மெதுவாக, "ஊசி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"மாமி" என்றாள் அவள், கரண்டியை வைத்துவிட்டு. "நீங்கள் இப்பிடிப் பாத்துக்கொண்டிருந்தா எனக்குச் சாப்பிட ஏலாது."

வீடியோவில் அவள் அம்மா, "நானும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் வாசலில் நின்று, தெருவைப் பார்த்தபடி பத்து நிமிஷம் இருந்தேன். திரும்பி வந்தபோது தட்டு காலி.

"ருசி எப்படி?" என்று கேட்டேன்.

"அம்மாட மாதிரி இல்லை" என்றாள். கொஞ்சம் யோசித்து, "முந்திரிகைப்பழம் நல்லா இருந்தது" என்றாள். முந்திரி என்ற சத்தம் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் ஊரில் திராட்சைக்கு அதுதான் பெயராம். மகன் விளக்கிச் சொல்லும் வரைக்கும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் இருந்த முதல் காப்ளரை மறுநாள் எதிர்வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பெண் முதலில் வாங்க மாட்டேன் என்றாள். பிள்ளைகள் ஒரே வேளையில் காலி செய்துவிட்டதாக அப்புறம் சொன்னாள். கையோடு இன்னொன்றும் சொன்னாள். அந்த டின்னைக் காலி செய்து கழுவி வெயிலில் காயப் போட்டிருக்கிறாளாம்.

அன்று காலைப் பலகாரம் முடிந்ததும் மருமகள் என்னையும் என் வீட்டுக்காரரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டாள். பைக்குள்ளிருந்து ஒரு ஊசிப் பேனாவை எடுத்தாள். போன வருஷமே தேதி முடிந்துபோனது, பழகுவதற்கென்று வைத்திருக்கிறேன் என்றாள். கூடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ஏலாமல் போனா நீங்கள்தான் குத்தோணும் மாமி. நீல மூடியை இழுங்கோ. மற்றப் பக்கத்தைத் தொடையில வைச்சு அமத்துங்கோ. பயந்து உடனே எடுக்கக் கூடாது."

"நான் வேணாம். மாமா செய்யட்டும்" என்றேன்.

"அவர் வீட்டில இல்லாட்டி?"

பேனாவை வாங்கினேன். நீல மூடியை இழுத்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தன் கையை என் கை மேல் வைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நான் தயாராகும் வரைக்கும் சாத்துக்குடியை உருளாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். பழத்தின் தோல் பொத்துக்கொண்டது எனக்குக் கையில் தெரிந்தது. எடுத்துவிடவில்லை. அவள் போதும் என்று சொல்லும் வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சாத்துக்குடியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இதை ஜூஸ் போடலாமா?" என்று கேட்டார்.

"மருந்து போன பழம் மாமா. வேண்டாம்" என்று அவள் அதை வாங்கிக் குப்பையில் போட்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய், மேல் அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைத் திறந்து, இது என்ன மாமி, இது என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.